ஒரு விரற்கடை உயரம்

வேம்பன்பட்டி ஆனந்தராஜ் தாம் எழுதும் வரலாற்றில் யாரையாவது தகுதிக்கு மீறிப் புகழ்ந்துவிட்டால் தரையைவிட்டுக் கிளம்பிவிடுவார். தகுதிக்கு மீறித் தூற்றிவிட்டால் தரைக்குள் இறங்கிவிடுவார். அந்த வரியை அடித்தால்தான் பழையபடி நிற்பார். பொன்னமராவதி வட்டாரத்தில் இது வெங்காய விலை மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சேதி. டவுன் பஸ்ஸில் அவர் ஏறும்போது முகத்தை யாரும் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். செருப்புக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், "என்ன ஆனந்தராசு, இந்தத் தடவை யாரைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மழை வருமா வராதா என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள். முழங்கால் வரை தரைக்குள் போனபடி தெருவில் அவர் நடந்து வந்தால், மண்ணைக் கிளறிவிட்டுப் போகிறாரே என்று வாசல் தெளித்த பெண்கள் முனகுவார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதுபண்ணியது இல்லை.

முதலில் அவர் புதுக்கோட்டையில் ஹாஜா முகைதீனின் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஹாஜா முகைதீன் கோட்டைப்பட்டினத்துக்காரர், வாய் நிறையச் சிரிப்பார், காகிதம் வீணானால் மட்டும் அழுவார். ஒரு நெல் மில் முதலாளிக்கு நூற்றாண்டு மலர் போட வேண்டும் என்று பேரன்மார்கள் வந்தபோது, எழுத ஆள் இல்லாமல் ஆனந்தராஜையே உட்காரவைத்தார். 'கொடையில் கர்ணன்' என்று ஆரம்பித்தவர் இரண்டாம் பக்கத்தில் நாற்காலியைவிட்டு எழும்பினார், நான்காம் பக்கத்தில் அவர் தலை மின்விசிறியில் முட்டியது. நல்லவேளை, கரண்ட் இல்லை. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர்தான். ஹாஜா முகைதீன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க எழுதுனது ஒங்களுக்கே தாங்கல. கொஞ்சம் இறக்கி எழுதுங்க." முதலாளி அரிசியில் கல் கலந்தவர் என்பது ஊரறிந்த விஷயம். அதை ஒரு வரி சேர்த்ததும் ஆனந்தராஜ் மெதுவாக நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். பேரன்மார்கள் மலரை வாங்கமாட்டோம் என்று கோபித்துக்கொண்டு போனார்கள். ஆனால் அந்த அரிசியில் பல் உடைந்தவர்களின் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிப் போனதில் மலர் இரண்டு முறை அச்சானது.

அடுத்து நார்த்தாமலைப் பக்கம் வழிப்பறி செய்த ஒரு தீவட்டிக் கொள்ளைக்காரனை எழுதினார். இந்த முறை ஜாக்கிரதையாக இருக்கிறேன் பேர்வழி என்று அவனை ராட்சசனாக்கி எழுத, தன் வீட்டு சிமென்ட் தரையில் இடுப்புவரை இறங்கிவிட்டார். மனைவி செல்வராணி முதலில் தரை போட்ட கொத்தனாரைத் திட்டினாள், பிறகு புருஷனைத் திட்டினாள், பிறகு அவருக்கு அங்கேயே இலை போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, அந்தக் கொள்ளைக்காரன் பந்தல் போட்ட வீட்டில் மட்டும் கைவைக்கமாட்டானாம். அதை எழுதினார், ஏறி வந்தார், மறுசோறு வாங்கிக்கொண்டார். தரையில் ஒட்டுப்போட்ட அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு, செத்துப்போனவர்களை வைத்து எங்கெல்லாம் சண்டை நடந்ததோ அங்கெல்லாம் ஆனந்தராஜைக் கூப்பிட்டார்கள். கோயில் நிலத்தை வளைத்தாரா காப்பாற்றினாரா என்று தெரியாத தர்மகர்த்தா, வெள்ளைக்காரனுக்கு உளவு சொன்னாரா போக்குக் காட்டினாரா என்று தெரியாத வாத்தியார், இப்படி வழக்கில் மாட்டிய ஆத்மாக்களாகவே அவருக்கு அமைந்தன. எல்லாக் கட்சியிலும் அவருக்கு எதிரிகள் இருந்தார்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் சொந்த ஊர் வழக்கு ஒன்று இருந்தது. அதை மட்டும் அவர் தொடவே இல்லை. வேம்பன்பட்டிக்கும் சேந்தன்வயலுக்கும் நடுவில் ஒரு கண்மாய். வேம்பன்பட்டி கண்மாய்க்கு மேல்பக்கம், தண்ணீர் ஏறினால் முதலில் நனைகிற ஊர். சேந்தன்வயல் கரைக்குக் கீழ்ப்பக்கம், கரை போனால் அடித்துக்கொண்டு போகிற ஊர். சமஸ்தானம் இருந்த காலத்தில் ஒரு ஐப்பசி அடைமழையில் கண்மாய்க் கரை வெட்டப்பட்டது. வேம்பன்பட்டி பிழைத்தது, சேந்தன்வயலில் வீடும் நெல்லும் மாடும் போயின. அதிசயமாக ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. வெட்டியது ராக்காயி என்ற பெண் என்பதில் இரண்டு ஊருக்கும் சந்தேகமே இல்லை. அவள் சேந்தன்வயலில் பிறந்து வேம்பன்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஊரைக் காத்த தெய்வம் என்றது வேம்பன்பட்டி. பிறந்த ஊரை மூழ்கடித்தவள், அதற்கு முன்னால் குலசாமியின் பெட்டியையும் திருடிக்கொண்டு ஓடியவள் என்றது சேந்தன்வயல். அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் பெண் கொடுப்பதும் இல்லை எடுப்பதும் இல்லை. வேம்பன்பட்டியில் வீட்டுக்கொரு பெண்ணுக்கு ராக்காயி என்று பேர், சேந்தன்வயலில் வீட்டுக்கொரு நாய்க்கு அதே பேர். பஸ் ஸ்டாப்பில் யாராவது "ஏ ராக்காயி!" என்று கூப்பிட்டால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரு செவலை நாயும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும்.

இந்த நிலையில்தான் ஆனந்தராஜின் மகள் மணிமேகலை சேரனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அவள் பொன்னமராவதியில் நர்ஸ். அவன் அங்கேயே தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். ஆஸ்பத்திரி மோட்டார் அடிக்கடி எரிந்ததில் பழக்கம் வந்தது. பிற்பாடு மோட்டார் நன்றாக ஓடிய நாட்களிலும் அவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். பிரச்சினை என்னவென்றால் அவன் சேந்தன்வயல் ஊர்த்தலைவரான அம்பலகாரர் அய்யாக்கண்ணுவின் மகன். அய்யாக்கண்ணு யோசித்துப் பார்த்து ஒரு வழி சொன்னார்: "ஒங்க ஊரு ராக்காயி களவாணின்னு நீங்களே எழுதுங்க. ஒங்க காலு தரையில நிக்கிதான்னு நாங்க பாக்குறோம். நின்னுச்சுன்னா பொண்ணைக் கூட்டிக்கிறோம்." இது வேம்பன்பட்டிக்கு எட்டியதும் அங்கே கூட்டம் போட்டார்கள். தெய்வம் என்ற சொல்லில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் இந்த ஊரிலிருந்து ஒரு ஈ காக்கா கல்யாணத்துக்கு வராது என்று முடிவானது. மணிமேகலை அப்பாவிடம் வந்து நின்றாள். "நீங்க எனக்காகப் பொய் எழுதிராதீங்கப்பா. மேல கிளம்பிட்டீங்கன்னா தாலி கட்டுறப்ப யாரு அட்சதை போடுறது?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அது ஆனந்தராஜுக்குக் கேட்டது.

பெற்ற மனம் பித்து அல்லவா, அவர் முதலில் பொய்தான் எழுதினார். தெய்வம் என்று எழுதி உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டார். செல்வராணி கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் காலைப் பிடித்து இழுத்து, மடியில் அம்மிக்குழவியை வைத்துவிட்டுப் போனாள். தெய்வத்தை அடித்துவிட்டுச் சண்டாளி என்று எழுதினார், கழுத்துவரை போனார். இரண்டையும் கலந்து, யாருக்கும் வலிக்காமல், 'ராக்காயி கரையை வெட்டினாள்' என்று மொட்டையாக ஒரு வரி எழுதினார். அப்போது யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. வலது கால் ஒரு சாண் மேலே போனது, இடது கால் ஒரு சாண் கீழே போனது. அப்படியே நொண்டி நொண்டிப் பொன்னமராவதி சந்தைவரை போய் காய்கறி வாங்கி வந்தார், வழியெல்லாம் யோசித்தார். ஒரே வரி பழியாகவும் பொய், புகழாகவும் பொய் என்றால் அவள் வெட்டவே இல்லை என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து, 'கரையை வெட்டியது வேம்பன்பட்டி ஆம்பளைகள். விசாரணை வந்தபோது பழியை ஊரில் இல்லாத பெண் மேல் போட்டார்கள். பழி ஆறியதும் அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள்' என்று எழுதினார். இரண்டு பாதமும் ஜம்மென்று தரையில் நின்றன. அவருக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. "என் பூட்டன் கையிலதான் செல்வராணி மம்பட்டி இருந்திருக்கு" என்றார். அவள் கத்தரிக்காய் நறுக்கியபடியே சொன்னாள்: "இருந்துட்டுப் போகுது. அந்த மம்பட்டியையா நாம சீரா குடுக்கப் போறோம்?"

பெட்டி விஷயம் மிச்சம் இருந்தது. 'பெட்டியைத் திருடினாள்' என்று எழுதினார், கால் அசையவில்லை. ஆக, திருடியது நிஜம். 'நகைக்கு ஆசைப்பட்டுத் திருடினாள்' என்றால் இடுப்புவரை இறங்கினார். 'சாமி உத்தரவு கேட்டு எடுத்தாள்' என்றால் ஜன்னல் உயரத்துக்குப் போனார். பிறகு எதற்குத்தான் எடுத்தாள்? மாசி பிறந்து சிவராத்திரி வந்தது. சேரன் கூப்பிட்டான் என்று சேந்தன்வயலில் குலசாமிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி எடுப்பைப் பார்க்கப் போனார். கரை போன பிறகு வேம்பன்பட்டியான் ஒருவன் அந்த ஊருக்குள் கால்வைத்தது அதுதான் முதல் தடவை. பெட்டி கோயிலைவிட்டுக் கிளம்பியதும் ஊர் மொத்தமும் கிளம்பியது. குளித்துக்கொண்டிருந்தவன் ஈரத் துண்டோடு ஓடினான், பிள்ளை பெற்ற பெண்ணைக் கட்டிலோடு தூக்கினார்கள், அடுப்பில் கிடந்த பால் பொங்கி வழிந்தது. கோவிட் சமயத்தில்கூட இது நிற்கவில்லையாம். "பெட்டி போற எடத்துக்கு ஊரு போகணும். வீட்ல ஒரு ஆள் தங்குனாலும் சாமி குத்தம்" என்று சேரன் ஓடிக்கொண்டே சொன்னான். ஆனந்தராஜ் அந்தக் காலித் தெருவின் நடுவில் நின்றார். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, நாய் இல்லை. அடிப்பாவி மகளே, இதற்காகவா எடுத்தாய் என்று வாய்விட்டுச் சொன்னார். யாரும் அங்கே கேட்பதற்கு இல்லை.

வீட்டுக்கு வந்து செல்வராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். கரையை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்து பிறந்த ஊருக்கு ஓடினவள், பெட்டியைத் திருடுவானேன்? வாயால் சொல்லியிருக்கலாமே? செல்வராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, கட்டிக்குடுத்த பொண்ணு சாயங்கால நேரத்துல, கொட்டுற மழையில, தலைவிரி கோலமா ஆத்தா வீட்டு வாசல்ல வந்து நின்னா என்ன கேப்பாக? புருஷன்கூடச் சண்டையான்னுதான் கேப்பாக. அவ வாயத் தொறக்கவிட்டிருப்பாகளா? தலையத் தொவட்டி, சோத்தப் போட்டு, பொறுத்துப் போ தாயின்னு புத்தி சொல்லி, முடிச்சுல நாலு படி அரிசியக் கட்டி இருட்டுறதுக்குள்ள அனுப்பிவிட்டிருப்பாக. எனக்கே எத்தனை தடவை நடந்திருக்கு! ஒங்க அப்பாவுக்கு மாரடைப்புன்னு சொல்லப்போன அன்னைக்குக்கூட எங்கம்மா எனக்கு மூணு தோசை வச்சுப் புத்தி சொல்லுச்சு." ஆனந்தராஜ் அதை அப்படியே எழுதினார். முடிச்சில் கட்டிய அரிசியோடு ராக்காயி தெருவில் இறங்கினாள், அழுதுபார்த்தாள், ஒருவரும் கேட்கவில்லை, நேரே கோயிலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் கழுகுப்பாறை மேல் ஓடினாள், கம்பும் கல்லுமாக ஊர் மொத்தமும் அவளைத் துரத்திக்கொண்டு பாறையேறியது. அவள்மேல் விழுந்த அடிகள் ஓயும் முன்பே கீழே தண்ணீர் வந்துவிட்டது. எழுதி முடித்துக் குனிந்து பார்த்தார். பாதம் தரையோடு தரையாக இருந்தது. பிறகு அவள் எங்கே போனாள் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் உடம்பு குணத்தை நிறுக்கும், விலாசம் சொல்லாது.

பங்குனியில் அதே கழுகுப்பாறையில் இரண்டு ஊரையும் கூட்டிப் புத்தகத்தை வாசித்தார்கள். ஹாஜா முகைதீன் மைக் செட்டோடும் ஒரு கேன் மோரோடும் வந்து சேர்ந்தார். முன்வரிசைப் பெண்கள் தலையைச் சாய்த்து, ஆனந்தராஜின் பாதத்துக்கடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். 'பெட்டியைத் திருடினாள்' என்றதும் சேந்தன்வயல் பக்கம் விசில் பறந்தது. 'கரையை வெட்டியது வேம்பன்பட்டி ஆம்பளைகள்' என்றதும் வேம்பன்பட்டி பக்கம் வேட்டியை மடித்துக்கட்டி எழுந்துவிட்டார்கள். காலில் பசை தடவியிருக்கிறான் என்று ஒருவன் கத்த, இன்னொருவன் மேடையேறிப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். பசை இல்லை, பித்தவெடிப்புதான் இருந்தது. மணிமேகலை கூட்டத்தின் ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் போச்சு என்றே அவளுக்குத் தோன்றியது. பிறகு மழையில் வந்து நின்ற பெண்ணையும், தலை துவட்டிய ஆத்தாவையும், முடிச்சில் கட்டிய அரிசியையும் அவர் வாசித்தார். சேந்தன்வயல் பக்கம் விசில் நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் எவர் வீட்டிலும் அது நடக்காமல் இல்லை.

கடைசியாக ஒரு வரி இருந்தது. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை, பேனா பிடித்து எழுதவும் இல்லை, அங்கேயே எழுதி வாசிப்பது என்று வைத்திருந்தார். கூட்டத்துக்கு முன்னால் எழுதினார், மைக்கில் சொன்னார்: "இந்த இரண்டு ஊரிலும் ராக்காயிக்கு நிகரான பிறவி அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை." அவ்வளவு பெரிய புகழைக் கேட்டதும் செல்வராணி பழக்கதோஷத்தில் பாய்ந்து அவர் வேட்டி நுனியைப் பிடித்தாள். ஹாஜா முகைதீன் மைக் வயரைப் பிடித்தார். எல்லாரும் பாறைக்கு மேலே வானத்தைப் பார்த்தார்கள். ஆனந்தராஜ் கிளம்பவில்லை. நின்ற இடத்தில் நின்றார். அய்யாக்கண்ணு எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, சந்தேகம் தீர அவர் பாதத்துக்கடியில் நுழைக்கப் பார்த்தார். துண்டின் ஒரு நூல்கூட நுழையவில்லை. அவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணி. "எங்க வீட்டுப் பிள்ளைதானய்யா அவ. வந்து நின்னவளுக்குச் சோத்தப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டமே. என்னத்தா வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். அதற்குப் பிறகு வேம்பன்பட்டிக்காரர்களாலும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை, அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. வேம்பன்பட்டியில் ஒரு ஈ காக்கா பாக்கியில்லாமல் வந்தது. அம்பலகாரர் பந்தலில் வைத்தே நாய்களுக்குப் பேர் மாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார். நாய்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பழைய பேருக்குத்தான் வாலாட்டின. போகட்டும் என்று விட்டுவிட்டு, அவற்றுக்கு இப்போது பால் சோறு வைக்கிறார்கள். சேந்தன்வயலில் பிறந்த குழந்தைகளுக்கும் ராக்காயி என்று பேர் வைக்க ஆரம்பித்துவிட்டதால் பஸ் ஸ்டாப்பில் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. இன்னொரு வழக்கமும் வந்தது. கட்டிக்கொடுத்த பெண் வாசலில் வந்து நின்றால், இரண்டு ஊரிலும் முதலில் "என்ன சேதி தாயி?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.

அந்த ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு சாயங்காலம் மணிமேகலை ஸ்கூட்டியில் சொட்டச் சொட்ட நனைந்து, தலைவிரி கோலமாக, வேம்பன்பட்டி வாசலில் வந்து நின்றாள். செல்வராணிக்கு 'மாப்பிள்ளையோட சண்டையா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனந்தராஜ் மனைவியின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, "என்ன சேதி தாயி?" என்றார். "கண்மாய்க் கரை மேல வந்தேம்ப்பா. உபரித் தண்ணி போற கலுங்கை ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு. தண்ணி நம்ம ஊருப் பக்கம் ஏறிக்கிட்டு இருக்கு. அங்கிட்டு அவுக எல்லாரும் அரிவாளோட எறங்கிட்டாக, இங்கிட்டும் ஆள் வேணும்" என்றாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அப்புறம் கோயில் மைக்கில் சொன்னார்கள், ஊர் திரண்டது. இரண்டு ஊர் ஆம்பளைகளும் பொம்பளைகளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தாமரையை அறுத்து எறிந்தார்கள். இருட்டுவதற்குள் கலுங்கு திறந்து தண்ணீர் அதன் வழியில் போனது. ஒரு ஊரும் நனையவில்லை. வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் மணிமேகலை சொன்னாள், சண்டையும் உண்டுதானாம், சின்னதுதான், மீன் குழம்பில் சேரன் புளி போதவில்லை என்றானாம். செல்வராணிக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. உட்காரவைத்துத் தோசை ஊற்றிப் புத்தி சொன்னாள்.

புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஆனந்தராஜ் கடைசிப் பக்கத்தில் இந்தச் சம்பவத்தைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு, 'என் மகள் மணிமேகலை ராக்காயிக்குச் சமம்' என்று ஒரு வரி எழுதினார். எழுதியதும் தரையிலிருந்து ஒரு விரற்கடை கிளம்பினார். ஹாஜா முகைதீன் பிழை திருத்தும்போது அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு சொல்லைக் குறைச்சா எறங்கிருவீங்க" என்றார். ஆனந்தராஜ் சிரித்தார், குறைக்கவில்லை. அவரை இப்போதும் பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம். ஒரு விரற்கடை உயரத்தில்தான் நடமாடுகிறார். மழைக்காலத்தில் அவர் கால் சேறாவதில்லை, வீடு துடைக்க வசதியாக இருக்கிறது என்று செல்வராணி சொல்கிறாள். செருப்பு தேய்வதே இல்லை என்று செருப்புக் கடைக்காரர் மட்டும் குறைப்பட்டுக்கொள்கிறார்.